நெப்ராஸ்காவில் நிலம் பிடித்த கொள்ளுத்தாத்தா: பழைய சென்சஸ் தாள்களில் வம்சம் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகள் வாழ்க்கைப்பட்டது ஸ்வீடனிலிருந்து வந்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நிலம் பிடித்த ஒரு விவசாயக் குடும்பத்தில். பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் வம்சமரம் வரையச் சொன்னார்கள். எங்கள் பக்கம் ஐந்து தலைமுறையை அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டேன். அவன் அப்பா பக்கம் மூன்றாவது தலைமுறையிலேயே நின்றுபோனது. விட மனசில்லாமல் தேட ஆரம்பித்தேன், ஏழு வருஷம் ஓடிவிட்டது. இப்போது கோயிலில் பார்க்கிற, அமெரிக்கச் சம்பந்தி வாய்த்த மாமிகள் எல்லாம் இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மருமகளோட தாத்தா பேரு மட்டும்தான் தெரியும். எங்கேந்து ஆரம்பிக்கறது?

கணினியைத் திறப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் போய் உட்காருங்கள். தாத்தாவின் பிறந்த வருஷம், கூடப்பிறந்தவர்கள், எந்த ஊர்ப் பண்ணை, எந்தச் சர்ச், எந்தக் கல்லறைத் தோட்டம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "எங்க அத்தைக்கு ஹுல்டான்னு பேரு" என்று போகிறபோக்கில் அவர் சொல்வது பின்னால் சாவியாகும்.

பிறகு, இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அமெரிக்காவில் பேர்வாரியான சென்சஸ் தாள்களை 72 வருஷம் பூட்டி வைத்துத்தான் திறக்கிறார்கள். இப்போதைக்குப் புதியது 1950ஆம் வருஷத்துத் தாள், 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தது. 1960ஐப் பார்க்க 2032 வரை காத்திருக்க வேண்டும். 1950இல் தாத்தாவைப் பிடித்து, 1930இல் அவரைப் பையனாக அப்பா அம்மாவோடு பாருங்கள். அதற்குப் பிறகு அந்த அப்பாவை 1900இல் பையனாகத் தேடுங்கள். ஒரு படி தாண்டிக் குதித்தீர்களானால் வேறு யாருடைய தாத்தாவின் வீட்டிலோ போய் நிற்பீர்கள். நான் நின்றிருக்கிறேன்.

இதுக்கெல்லாம் காசு கட்டணுமா?

தொடங்குவதற்குத் தேவையில்லை. ஃபேமிலிசர்ச் என்ற வம்சம் தேடும் தளத்தில் கணக்குத் திறந்தால் இலவசம். 1950க்கு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகமே தனித்தளம் வைத்திருக்கிறது. ஆன்செஸ்ட்ரி என்ற இன்னொரு தளத்துக்குச் சந்தா உண்டு, ஆனால் பல பொது நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். எங்கே பார்த்தாலும் தட்டச்சு செய்த பட்டியலோடு நிறுத்தாமல் தாளின் படத்தைத் திறந்து பாருங்கள். பட்டியல் என்பது இன்னொருவர் படித்துப் புரிந்துகொண்டது, அவ்வளவுதான்.

நம்ம ஊர் சென்சஸ்லயும் இப்படிப் பேரைப் பார்க்க முடியுமா?

முடியாது. இந்தியாவில் 1948ஆம் வருஷத்துச் சென்சஸ் சட்டம், 15ஆம் பிரிவு, தனி மனிதரைப் பற்றி எழுதிய பதிவை யாரும் பார்க்க அனுமதிப்பதில்லை. 72 வருஷக் கணக்கெல்லாம் அங்கே கிடையாது. நமக்குக் கிடைப்பது எண்ணிக்கை மட்டும். நம் பக்கத்து வம்சத்துக்கு வீட்டுப் பத்திரமும் பாட்டியின் வாயும்தான் கதி.

1790லேந்து சென்சஸ் இருக்காமே, அப்போ அதுவரைக்கும் போயிடலாமா?

தாள் இருக்கிறது, பேர் இருக்காது. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பேரை மட்டும் எழுதி, மற்றவர்களை "இந்த வயசுக்குள் ஆண் இத்தனை, பெண் இத்தனை" என்று கோடு போட்டு எண்ணினார்கள். சுதந்திர மனிதர் ஒவ்வொருவர் பேரும் 1850இல்தான் வருகிறது. அடிமைகளை 1850, 1860 இரண்டிலும் தனித்தாளில், உடைமைக்காரர் பேருக்குக் கீழே, வயசும் பாலும் நிறமும் மட்டும் போட்டு, பெரும்பாலும் பேரே இல்லாமல் எழுதி வைத்தார்கள். அவர்கள் எல்லாரும் பேரோடு வருவது 1870இல். கறுப்பின விவசாயக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் முட்டி நிற்கும் சுவர் இதுதான்.

நெப்ராஸ்கா ஒரு டெரிட்டரியாக, அதாவது இன்னும் மாநிலமாகாத பகுதியாக, ஆனதே 1854இல். ஆகவே அங்கே முதல் கூட்டாட்சிச் சென்சஸ் 1860. அதற்கு முந்தைய தாள் வேண்டுமென்றால் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

எந்த வருஷத்துத் தாள்ல என்ன இருக்கும்?

1850, 1860இல் பேர், வயசு, தொழில், நிலத்தின் மதிப்பு, பிறந்த மாநிலம் அல்லது நாடு. 1870இல் பெற்றோர் வெளிநாட்டில் பிறந்தவர்களா என்று ஒரு கோடு. 1880இல்தான் தலைவருக்கு இன்னார் என்ன உறவு என்று எழுதத் தொடங்கினார்கள், பெற்றோர் பிறந்த இடமும் சேர்ந்தது. அதற்கு முன்னால் ஒரே கூரையின் கீழ் இருக்கும் 19 வயசுப் பெண் மகளா, தங்கையா, வேலைக்காரியா என்று தாள் சொல்லாது, நாம்தான் ஊகிக்க வேண்டும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு 5/12 என்று போட்டிருப்பார்கள். ஐந்து மாசம் என்று பொருள்.

எனக்கு ஒரே ஒரு தாள்தான் கொடுப்பார்கள் என்றால் 1900ஐக் கேட்பேன். பிறந்த மாசம், வருஷம், கல்யாணமாகி எத்தனை வருஷம், தாய் பெற்றது எத்தனை, உயிரோடிருப்பது எத்தனை, அமெரிக்காவுக்கு வந்த வருஷம், குடியுரிமை, பண்ணை சொந்தமா, அடமானத்தில் இருக்கிறதா, எல்லாம் ஒரே வரியில். 1910இலும் பாதிக்கு மேல் இருக்கும். 1930இல் வீட்டில் ரேடியோ உண்டா என்று கேட்டார்கள். 1940இல் "1935இல் எங்கே இருந்தீர்கள்" என்ற கேள்வி வரும். வறட்சியில் பண்ணையை விட்டுக் கிளம்பியவர்களைப் பிடிக்க அது போதும்.

1890 தாளே வரமாட்டேங்குது. நான் தேடறது தப்பா?

தப்பு உங்கள் மேல் இல்லை. 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் தீப்பிடித்து, 1890ஆம் வருஷத்துத் தாள்களில் பெரும்பகுதி எரிந்தும் நனைந்தும் போனது. எஞ்சியதையும் 1930களில் அரசே அழித்துவிட்டது. ஆறாயிரத்துச் சொச்சம் பேர்களுக்கான துண்டுகள்தான் மிச்சம். குடியேறிய விவசாயிகளுக்கு இது பெரிய இடி. 1880இல் கைக்குழந்தையாக இருந்த பெண், 1900க்குள் கல்யாணமாகி வேறு பேரில் வேறு வீட்டில் இருப்பாள். நடுவில் இருபது வருஷம் இருட்டு.

நெப்ராஸ்காவுக்கு ஒரு விளக்கு உண்டு. 1885இல் மத்திய அரசு உதவியோடு ஐந்தே ஐந்து இடங்கள் நடுவாந்திரச் சென்சஸ் எடுத்தன: நெப்ராஸ்கா, கொலராடோ, ஃபுளோரிடா, டகோட்டா டெரிட்டரி, நியூ மெக்ஸிகோ டெரிட்டரி. கான்சாஸ் 1855 முதல் 1925 வரை பத்து வருஷத்துக்கு ஒருமுறை தானே எடுத்தது. ஐயோவா 1885, 1895 என்று எடுத்துப் போய், 1925இல் தாயின் பிறந்தவீட்டுப் பேரையே கேட்டு எழுதியது. உங்கள் சம்பந்தி ஐயோவாக்காரர் என்றால் கொடுத்து வைத்தவர். உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் சண்டை போட்டவர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் 1890இல் தனித்தாள் எழுதினார்கள். அதில் நெப்ராஸ்கா பக்கங்கள் தப்பித்திருக்கின்றன.

ஊரு, வருஷம் எல்லாம் சரியாத்தான் போடறேன். ஆனா பேரே வரலியே?

எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். ஸ்வீடிஷ் உச்சரிப்பில் சொன்ன பேரை ஐரிஷ்காரர் ஒருவர் இங்கிலீஷில் எழுதினால் என்ன ஆகும்? அதோடு, 1850 முதல் 1870 வரை மூலத்தைப் பார்த்து இரண்டு நகல் கையால் எடுத்தார்கள். நாம் பார்க்கிற தாளே நகலாக இருக்கலாம். கடைசியில் அதைப் படித்துத் தட்டச்சு செய்தவர் வேறு. என் சம்பந்தி குடும்பத்தை 1880 பட்டியலில் நான்கு மாசம் தேடினேன். பேரின் முதல் எழுத்தையே மாற்றிப் படித்திருந்தார்கள்.

குடும்பப் பேரை விட்டுவிட்டு முதற்பேர், பிறந்த நாடு, வயசு மட்டும் போட்டுத் தேடுங்கள். அதுவும் வராவிட்டால் அந்த டவுன்ஷிப்பின், அதாவது அந்தச் சின்ன ஊர்ப்பிரிவின், தாள்களை முதல் வரியிலிருந்து படியுங்கள். ஒரு மாலைப் பொழுது போகும், ஆனால் ஆள் கிடைப்பார். கவுண்ட்டி எல்லையையும் சரிபாருங்கள். குடும்பம் வீட்டை விட்டு நகராமலே, கவுண்ட்டியைப் பிரித்ததால் வேறு கவுண்ட்டிக்குப் போயிருக்கலாம். நம்மூரில் மாவட்டம் பிரிக்கிற மாதிரிதான்.

எல்லிஸ் தீவுல அதிகாரிங்கதான் பேரை மாத்திட்டாங்கன்னு வீட்டுல சொல்றாங்களே?

எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். எல்லிஸ் தீவு என்பது நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சரிபார்த்த நிலையம், அது திறந்ததே 1892இல். 1870களில் நியூயார்க்கில் இறங்கியவர்கள் கேசில் கார்டன் என்ற பழைய நிலையம் வழியாக வந்தவர்கள். பயணிகள் பட்டியலைக் கப்பல் கம்பெனிதான் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதியது. இங்கிருந்த அதிகாரி அதைப் பார்த்துச் சரிபார்த்தார். பேரை மாற்றியது பெரும்பாலும் அவரவரே, வந்து சில வருஷம் கழித்து.

ஸ்வீடன்காரர்கள் விஷயம் நமக்குச் சட்டென்று புரியும். ஆண்டர்ஸின் மகன் பீட்டர் என்றால் பீட்டர் ஆண்டர்சன். பீட்டரின் மகன் யோகான் என்றால் யோகான் பீட்டர்சன். மகளென்றால் பீட்டர்ஸ்டாட்டர். நம் இனிஷியல்தான் அது! இனிஷியலைக் குடும்பப் பேர் என்று நினைத்து இங்கே பாஸ்போர்ட்டோடு நாம் படுகிற பாட்டை அவர்கள் 1870லேயே பட்டுவிட்டார்கள். அமெரிக்கா வந்ததும் ஏதோ ஒரு தலைமுறையில் பேர் உறைந்துவிடும். அப்பா ஆண்டர்சன், மூத்த மகன் பீட்டர்சன், கடைசி மகன் ஆண்டர்சன் என்று ஒரே வீட்டில் பார்த்தால் பயப்பட வேண்டாம்.

ஒவ்வொரு சென்சஸ்லயும் வயசு ஒரு மாதிரி இருக்கே. ஒரே ஆள்தானா?

இரண்டு மூன்று வருஷம் முன்பின் இருப்பது சகஜம். பதில் சொன்னது யார் என்று பழைய தாளில் இருக்காது. கணவர் வயலில் இருந்தால் மனைவி சொல்லியிருப்பார், அவரும் இல்லையென்றால் பக்கத்துப் பண்ணைக்காரர். 1940இல்தான் பதில் சொன்னவர் பேருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டார்கள்.

கணக்கு நாள் ஒன்று உண்டு. 1830 முதல் 1900 வரை அது ஜூன் 1. ஜூன் 20 அன்று வீட்டுக்கு வந்தாலும், ஜூன் 3 அன்று பிறந்த குழந்தையை எழுதக்கூடாது. ஜூன் 5 அன்று இறந்தவரை எழுத வேண்டும். 1910இல் ஏப்ரல் 15, 1920இல் ஜனவரி 1. இதை மனசில் வைத்துக் கழித்தால் பாதி முரண்பாடு தானாகவே தீரும்.

தாளில் இருக்கற மனைவிதான் பிள்ளைங்களோட அம்மான்னு எடுத்துக்கலாமா?

கூடாது. உறவு எழுதியிருப்பது குடும்பத் தலைவருக்கு மட்டும். அவருக்கு மகன் என்றால் அவளுக்கும் மகன் என்று அர்த்தமில்லை. 1900இல் "கல்யாணமாகி 12 வருஷம்" என்று போட்டு மூத்த பையனுக்கு 19 என்றிருந்தால் அவள் இளையாள். பிரசவத்தில் மனைவி போவதும் கைக்குழந்தையோடு நிற்கிற விவசாயி ஒரு வருஷத்துக்குள் மறுபடி கட்டுவதும் அங்கே சாதாரணம். சில சமயம் அவள் முதல் மனைவியின் தங்கையாகவே இருப்பாள். இதற்கு நம் வீடுகளில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

"9, 5"னு ரெண்டு நம்பர் மட்டும் போட்டிருக்கே, அது என்ன?

1900, 1910 தாள்களில் தாயின் வரியில் வரும் எண்கள். பெற்றது ஒன்பது, இருப்பது ஐந்து. என் சம்பந்தியின் கொள்ளுப்பாட்டி வரியில் இதைப் பார்த்த அன்று சம்பந்தி அம்மாளுக்குப் போன் போட்டேன். அவருக்குத் தெரிந்தது ஐந்து பேர்தான். மற்ற நால்வரைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதே இல்லை.

தேடினோம். 1850 முதல் 1880 வரை, சென்சஸ் நாளுக்கு முந்தைய 12 மாசத்தில் இறந்தவர்களுக்கென்று தனித்தாள் எழுதினார்கள். 1885இலும் உண்டு. 1880 தாளில் ஒரு பெண் குழந்தை கிடைத்தாள்: வயசு 2, மாசம் செப்டம்பர், காரணம் டிப்தீரியா. 1885 சென்சஸில் மூன்று வயசும் ஒரு வயசுமாக இரண்டு பையன்கள் இருந்தார்கள். 1900இல் அவர்கள் இல்லை. அந்த ஐவர் கணக்கிலும் வரவில்லை. லுத்தரன் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் ஒரே கல்லில் இருவர் பேரும் இருந்தது. நான்காவது குழந்தை 1885க்கும் 1900க்கும் நடுவில் பிறந்து போனது. மேலே சொன்ன இருட்டு இருபது வருஷத்துக்குள் அது விழுந்துவிட்டது.

விவசாயக் குடும்பம்னா நிலம், மாடு கணக்கெல்லாம் இருக்குமா?

இருக்கும், இதைப் பலர் பார்ப்பதே இல்லை. 1850, 1860, 1870, 1880 நான்கிலும் பண்ணைக்கென்று தனித்தாள் உண்டு. நெப்ராஸ்காவுக்கு 1885இலும். உழுத நிலம், தரிசு, குதிரை, கறவை மாடு, கோதுமை, மக்காச்சோளம், வெண்ணெய் எத்தனை பவுண்டு என்று நம் கர்ணம் அடங்கல் எழுதியது மாதிரியே எழுதியிருப்பார்கள். 1880இல் நிலம் சொந்தமா, குத்தகையா, வாரமா என்றுகூடக் கேள்வி இருக்கிறது.

எங்கள் குடும்பத் தாளில் 1879ஆம் வருஷத்துக்கு 40 ஏக்கர் உழவு, இரண்டு குதிரை, இரண்டு கறவை மாடு, 150 பவுண்டு வெண்ணெய். கணவர் பேரில்தான் எழுதியிருக்கிறது. வெண்ணெய் கடைந்தது யார் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த செப்டம்பரில்தான் டிப்தீரியா வந்தது.

சின்னப் பண்ணைகளை விட்டிருப்பார்கள். 1870இல் மூன்று ஏக்கருக்குக் கீழே இருந்து 500 டாலர் விளைச்சலும் இல்லாவிட்டால் எழுதவில்லை. 1900இல் உங்கள் ஆளின் வரியில் பண்ணைத்தாள் எண் இருக்கும், ஆனால் அந்தத் தாள் இருக்காது. 1900, 1910 பண்ணைத்தாள்களை அழித்துவிட்டார்கள்.

இலவசமா நிலம் கொடுத்தாங்களாமே, அதுக்கு ஏதாவது பத்திரம் கிடைக்குமா?

1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். 160 ஏக்கர். 21 வயசு ஆனவரோ குடும்பத் தலைவரோ, குடியுரிமை பெற்றவர் அல்லது பெறப்போவதாக எழுதிக்கொடுத்தவர். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து உழுது காட்டினால் பட்டா. கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். பட்டாவின் படம் நில மேலாண்மைத் துறைத் தளத்தில் இலவசம். அதில் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் எண் இருக்கும். நம் புல எண் மாதிரி, படத்தில் வைத்து நிலத்தைக் கைகாட்டிவிடலாம்.

பட்டாவோடு நிற்காமல் கோப்பைக் கேளுங்கள். வீடு எத்தனை அடி, மண்கட்டி வீடா மரவீடா, கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உடைத்தார், எத்தனை நாள் வெளியூர் போனார் என்று அவரே சத்தியம் செய்து சொன்னதும், இரண்டு சாட்சிகள் சொன்னதும் உள்ளே இருக்கும். அந்தச் சாட்சிகளை 1880 தாளில் தேடினால் அடுத்தடுத்த வரிகளில் இருப்பார்கள், பெரும்பாலும் ஒரே ஊரிலிருந்து கப்பலேறியவர்கள். அதனால்தான் உங்கள் ஆளுக்கு மேலே பத்து வீடு, கீழே பத்து வீடு எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். கோப்பே இல்லையென்றால், ரயில் கம்பெனியிடம் நிலத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். அப்போது கவுண்ட்டிப் பத்திரப் பதிவில்தான் தேட வேண்டும்.

அந்த நிலம் அதுக்கு முன்னாடி யாரோடது?

இதைக் கேட்டது என் பேரன். எங்கள் குடும்பம் இருந்த போல்க் கவுண்ட்டிப் பக்கம் அமெரிக்கப் பூர்வகுடிகளான பாவ்னி மக்களுடையது. பிளாட் ஆற்றுக்குத் தெற்கே 1833 ஒப்பந்தத்திலும் வடக்கே 1857 ஒப்பந்தத்திலும் நிலம் கைமாறியது. 1870களில் அவர்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. "வரி கட்டாத இந்தியர்" என்று சொல்லி சென்சஸும் அவர்களை விட்டுவிட்டது. அவர்களுக்கான தனிப் பட்டியல்கள் 1885 முதல் 1940 வரை உண்டு. "இலவச நிலம்" என்று பேரன் எழுதியிருந்ததை அடித்துவிட்டு "அரசு கொடுத்த நிலம்" என்று மாற்றிக்கொண்டான்.

ஸ்வீடன்னு மட்டும் போட்டிருக்கு. எந்த ஊருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

சென்சஸ் நாட்டோடு நின்றுவிடும். 1906க்கு முந்தைய குடியுரிமைத் தாளும் பெரும்பாலும் அப்படித்தான். ஊர் பேர் வேண்டுமென்றால் இங்கே அவர்கள் சேர்ந்த ஸ்வீடிஷ் லுத்தரன் சர்ச்சின் உறுப்பினர் பதிவேட்டைப் பாருங்கள். எந்தத் திருச்சபைப் பங்கிலிருந்து வந்தார் என்று பாதிரியார் எழுதியிருப்பார். அது கிடைத்தால் ஸ்வீடன் பக்கம் ராஜபாட்டை. வீடுவீடாகப் போய் வேதபாடம் கேட்டு, பிறந்த தேதியோடு குறித்து வைத்த புத்தகங்கள் அங்கே உண்டு. யார் எந்த வருஷம் எங்கே போனார் என்பதும் அதிலேயே இருக்கும். ஸ்வீடன் அரசு ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

வீட்டுல சொல்ற கதையும் தாளும் ஒத்துப்போகல. எதை நம்பறது?

எங்கள் வீட்டுக் கதை: 1869இல் பெட்டியும் கோடாரியுமாக நேரே நெப்ராஸ்காவில் வந்து இறங்கினார். 1900 தாளில் வந்த வருஷம் 1868. 1910 தாளில் 1869. ஸ்வீடன் திருச்சபைப் புத்தகத்தில் 1869 ஏப்ரலில் அமெரிக்கா புறப்பட்டதாக இருக்கிறது. ஆக வருஷத்தில் கதைதான் சரி. ஆனால் 1870 சென்சஸில் அவர் இல்லினாய்ஸில் வேறொருவர் பண்ணையில் கூலிக்காரராக இருக்கிறார். நெப்ராஸ்காவில் நிலத்துக்கு எழுதிக்கொடுத்தது 1872. நடுவில் மூன்று வருஷம் கூலி வேலை செய்து சேர்த்த காசில்தான் குதிரை வாங்கியிருப்பார். கதையில் அந்தக் கூலி வருஷங்கள் மட்டும் உதிர்ந்துவிட்டன.

எதைச் சொன்னவர் சம்பவத்துக்குப் பக்கத்தில் இருந்தார் என்று பாருங்கள். 1869இல் பாதிரியார் எழுதியதற்கும் 1900இல் வாசலில் நின்று யாரோ நினைவிலிருந்து சொன்னதற்கும் ஒரே எடை கிடையாது. முரணை அழிக்காமல் இரண்டையும் வருஷம் போட்டு எழுதி வையுங்கள். ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி வீட்டுப் பெரியவரிடம் "நீங்கள் சொன்னது தப்பு" என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன். இரண்டு தீபாவளிக்கு அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

எல்லாம் கிடைச்சாச்சு, ஒரே ஒரு பேர் மட்டும் கிடைக்கலன்னா?

எனக்கும் அதே நிலைதான், அந்த நான்காவது குழந்தை. சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேடு ஸ்வீடிஷ் மொழியில், பழைய கையெழுத்தில் இருக்கிறது. 1886 முதல் 1891 வரை படித்துவிட்டேன். சனிக்கிழமை மறுபடி போகிறேன்.